மூன்று களஞ்சியங்கள் இருந்த ஊர்

எங்கள் ஊரில் மூன்று தானியக் களஞ்சியங்கள் இருந்தன. ரயில் நிலையத்தை ஒட்டிச் செங்கல்லால் கட்டிய பழையது ஒன்று. அதற்குப் பின்னால், எந்தத் தெருவில் நின்றாலும் கூரைகளுக்கு மேலே தெரிகிற கொங்கிறீட் கோபுரம் ஒன்று. வயல் தொடங்கும் இடத்தில், வெயில் பட்டால் கண் கூசவைக்கும் தகர உருளைகள் நான்கு. அவற்றைச் சேர்த்து ஒன்றென்றுதான் சொல்லுவோம். ஊர்க்காரர்கள் மூன்றையும் பொதுவாக 'ஸீலோ' என்பார்கள். ஸீலோவில் வேலை என்றால் எந்த ஸீலோவில் என்று யாரும் கேட்பதில்லை.

'எங்கள் ஊர்' என்று எழுத எனக்கே சற்றுக் கூச்சமாக இருக்கிறது. நான் பிறந்தது யாழ்ப்பாணத்தில். ஆனால் என் வயதில் பாதிக்கு மேல் ஜெர்மனியின் வடகிழக்கில், இந்தச் சமவெளியில் போய்விட்டது. இங்கே மலை கிடையாது, சொல்லிக்கொள்ள ஒரு மேடுகூடக் கிடையாது. கோதுமை, அதற்கப்பால் பார்லி, அதற்கப்பால் மஞ்சளாகப் பூக்கும் எண்ணெய் விதைச் செடி, அதற்கப்பால் வானம். ரொட்டி விற்கும் பாண்காரரின் வான் வண்டி வாரத்தில் இரண்டு நாள் வந்து மணி அடிக்கும். தேவாலயத்தில் மாதத்துக்கு ஒரு பூசை. பள்ளிக்கூடம் நான் வந்த சில வருடங்களிலேயே பூட்டப்பட்டுவிட்டது.

இந்த ஊரை நான் தெரிந்தெடுக்கவில்லை. இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றாகி, அகதிகளைக் கிழக்கு மாநிலங்களுக்கும் பிரித்து அனுப்பத் தொடங்கியிருந்த காலம் அது. என்னையும் கணவரையும் ஒரு சிறிய பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். பின்னேரம். தை மாதத்துச் சாம்பல் வெளிச்சம். வெகு தூரத்திலிருந்தே கோபுரம் தெரிந்தது. பஸ் வளைந்து வளைந்து போக, அது ஒருமுறை இடப்பக்கமும் ஒருமுறை வலப்பக்கமும் வந்து நின்றது.

"அது என்ன, மறியல் வீடோ? ஜெயில் மாதிரிக் கிடக்கு," என்று கணவரிடம் கேட்டேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். "தெரியேல்லை. யன்னல் ஒண்டையும் காணேல்லை."

அந்தக் கோபுரத்தின் காலடியில்தான் பஸ் நின்றது. கோபுரத்தைக் கட்டிய தொழிலாளர்கள் தங்குவதற்காகப் போட்ட நீளமான ஒற்றை மாடிக் கட்டடம்தான் எங்களுக்கு அகதி விடுதி. எங்கள் அறை யன்னலைத் திறந்தால் எதிரே கொங்கிறீட் சுவர் மட்டும் தெரியும். எந்த அலுவலகத்தில் டெர்மீன், அதாவது சந்திப்பு நேரம், தருகிறார்களோ அங்கே மட்டும் போய்வரலாம். மாவட்டத்தை விட்டு வெளியே கால் வைக்க அனுமதி எடுக்க வேண்டும். அந்த முதல் குளிர்காலத்தில் நாங்கள் இருவரும் கதைத்த கதை, அதற்குப் பிறகு வந்த எல்லா வருடங்களிலும் கதைத்ததைவிடக் கூடுதல். வேறு ஆள் இல்லையே.

வேலை செய்யும் அனுமதி கிடைத்தது அறுவடைக்குச் சற்று முன்னால். அறுவடைக்கு ஸீலோவில் ஆள் தட்டுப்பாடு. ஊரிலிருந்த இளம் ஆட்கள் மேற்கே போய்விட்டிருந்தார்கள். நாங்கள் இருவரும் போய் வாசலில் நின்றோம். கணவருக்குக் கோபுரத்தின் உள்ளே வேலை. வெறுமையான அறைகளில் இடுப்பில் கயிறு கட்டி இறக்கிவிடுவார்கள். சுவரில் ஒட்டிக் காய்ந்திருக்கும் பழைய தானியத்தைச் சுரண்டித் தள்ள வேண்டும். எனக்கு முற்றம் கூட்டுகிற வேலை.

மத்தியானம் அவர் வெளியே வரும்போது புருவம்கூட மாவாக இருக்கும். முதல் நாள் சாப்பாட்டைத் தொடவில்லை.

"உள்ளுக்கை என்ன மாதிரி?" என்று கேட்டேன்.

"கிணத்துக்குள்ளை இறங்கின மாதிரி. தண்ணி மட்டும் இல்லை. மேலை பாத்தா வெளிச்சம் ஒரு காசளவு தெரியுது." கொஞ்ச நேரம் கழித்து, "பக்கத்து அறைக்குள்ளை கோதுமை கொட்டுற சத்தம் சுவருக்காலை கேக்குது. இந்தச் சுவர் வெடிச்சா எண்டு நினைச்சன்," என்றார்.

அவர் அந்த வேலையை மூன்று அறுவடைக் காலம் செய்தார். அதற்குள் எனக்கு வேறு இடம் கிடைத்துவிட்டது. வாசலில், லொறிகளை நிறுக்கும் தராசுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கண்ணாடி அறை. அங்கே இருவர் வேலை செய்தார்கள். ஒருவர் நிறுப்பார், மற்றவர் தானியத்தைச் சோதிப்பார். சோதிக்கிற பெண்ணின் கணவருக்கு மேற்கே வேலை கிடைத்து, அவர்கள் குடும்பத்தோடு போய்விட்டார்கள். நான் முற்றம் கூட்டுகிறபோது சிந்திய தானியத்தைக் கையில் அள்ளி மணந்து பார்ப்பதைக் கவனித்தாரோ என்னவோ, மேலாளர் என்னைக் கூப்பிட்டு இந்த வேலை பழக விருப்பமா என்று கேட்டார். ஓம் என்றேன். பிறகு முறையான பயிற்சிக்கும் அனுப்பினார்கள்.

வேலை இதுதான். லொறியோ இழுவைப் பெட்டியோ தராசில் ஏறி நிற்கும். மேலேயிருந்து ஓர் இரும்புக் குழாய் இறங்கித் தானியத்துக்குள் நாலைந்து இடத்தில் குத்தி எடுக்கும். அது ஒரு குழாய் வழியாக வந்து என் முன்னால் இருக்கும் சட்டியில் விழும். ஈரம் எவ்வளவு, புரதம் எவ்வளவு, பூச்சி இருக்கிறதா, பூஞ்சணம் மணக்கிறதா என்று பார்த்து, எந்த அறையில் கொட்டுவது என்று சொல்ல வேண்டும். ஈரம் கூடினால் உலர்த்திக்குப் போக வேண்டும், அதற்குச் செலவு. தானியம் கொண்டுவந்த கமக்காரருக்கு முகம் கறுத்துவிடும். யன்னலுக்கு வெளியே பெரிய பெரிய ஆட்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நான் சொல்லப் போவதற்காகக் காத்திருப்பார்கள். வேறு எந்த இடத்திலும் என் வாயைப் பார்த்துக்கொண்டு யாரும் அப்படி நின்றதில்லை.

தராசில் இருந்தவர் என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். கிழக்கு ஜெர்மனி இருந்த காலத்திலிருந்தே அதே கதிரையில் இருந்தவர். ஒல்லியான, நிமிர்ந்த பெண். ஒரு சொல்லும் வீணாகப் பேசமாட்டார். எனக்குள்ளே நான் அவருக்குத் தராசம்மா என்று பெயர் வைத்திருந்தேன். ஜெர்மன் மொழியிலும் நம்மைப்போல நீ, நீங்கள் என்று இரண்டு உண்டு. வேலைத்தலத்தில் எல்லோரும் ஒருவரையொருவர் நீ என்பார்கள். தராசம்மா என்னை நீங்கள் என்றார். நானும் அவரை நீங்கள் என்றேன். அது மரியாதையா, தூரமா என்று வெகுகாலம் எனக்கு விளங்கவில்லை. அவர் ஜெர்மனில் சொன்னவற்றை இங்கே என் தமிழில் எழுதுகிறேன். மனதில் அப்படித்தான் பதிந்திருக்கிறது.

வதிவிட அனுமதி கிடைத்தவுடன் கணவர் ஹம்பேர்க்குக்குப் போனார். பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்க் கடையில் முதலில் நின்றார், பிறகு ஒரு சமையலறையில் சேர்ந்தார். சனிக்கிழமைகளில் வருவார். முருங்கைக்காய், மரவள்ளிக்கிழங்கு, மிளகாய்த்தூள் எல்லாம் பையில் இருக்கும். ஞாயிறு பின்னேரம் செங்கல் களஞ்சியத்துக்கு முன்னால் உள்ள மேடையில் ரயிலுக்கு நிற்போம்.

"அங்கை எங்கட சனம் இருக்கு. கோயில் இருக்கு. இஞ்சை நீர் ஆரோடை கதைக்கிறீர்?" என்று கேட்பார்.

"பயிற்சி முடியட்டும்."

"முடிஞ்சாப் பிறகு?"

"வாறன்."

பயிற்சி முடிந்தது. வேலையை நிரந்தரமாக்கித் தந்தார்கள். அறுவடை முடியட்டும் என்றேன். அறுவடை முடிந்தால் உலர்த்தும் காலம், அது முடிந்தால் ஏற்றி அனுப்பும் காலம். நான் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் உண்மையாகவே போவதாகத்தான் நினைத்தேன். ஹம்பேர்க்குக்குப் போனால் நானும் ஏதோ ஒரு சமையலறையில் பாத்திரம் கழுவ வேண்டும், அல்லது அலுவலகங்கள் துடைக்க வேண்டும். இங்கே எனக்கென்று ஒரு கதிரை இருந்தது. அதை அவருக்கு எடுத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் இந்த ஊருக்கு வந்தால் மூச்சு முட்டும். கோபுரத்தைக் கண்டாலே இருமல் வருகிறது என்பார். சனிக்கிழமைகள் மாதத்துக்கு ஒன்றாகின, பிறகு பொங்கலும் தீபாவளியும் ஆகின. ஒருநாள் கேட்பதை நிறுத்திவிட்டார். சண்டை போட்டுப் பிரிந்திருந்தால் ஊருக்குச் சொல்ல ஒரு காரணமாவது இருந்திருக்கும். எங்களுக்கு அதுவும் இல்லை. பிறகு அவர் வேறு கலியாணம் செய்து, இரண்டு பெண் பிள்ளைகள். வருடத்தில் ஒரு தடவை, சித்திரைப் பிறப்புக்குப் போனில் கதைப்போம்.

அதற்குப் பிறகுதான் நான் ஸீலோக்களின் கதையைக் கேட்டுச் சேர்க்கத் தொடங்கினேன். ஒருவரும் சேர்க்கச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் செய்வதற்கு ஏதாவது வேண்டுமே.

செங்கல் களஞ்சியத்தைக் கட்டியவர் ஒரு தானிய வியாபாரி. ரயில் பாதை வந்த காலத்தில், முதல் உலகப் போருக்கு முன்னர். சுற்றியுள்ள பண்ணைகளின் தானியம் முழுவதும் அங்கேதான் வந்தது. மாடி மாடியாக மரத்தளம். தானியத்தைப் பரப்பி, மரச் சவளால் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சூடேறிக் கெட்டுவிடும். ரயில் பாதையைப் பார்த்த சுவரில் அந்தக் குடும்பத்தின் பெயரைப் பெரிதாக எழுதியிருந்தார்கள். பிறகு அதன்மேல் வெள்ளை பூசிவிட்டார்கள். காய்ந்த நாட்களில் ஒன்றும் தெரியாது. மழை பெய்தால் சுண்ணாம்புக்குக் கீழே பெயரின் கடைசி எழுத்துகள் கறுப்பாக மேலே வரும். ரயிலுக்கு நிற்கும்போது அதை எழுத்துக்கூட்டி வாசித்திருக்கிறேன். பாதிப் பெயர்தான் கிடைக்கும்.

அவர்கள் யூதக் குடும்பம் என்று, சில நாட்களில் வானை ஓட்டிவரும் பாண்காரரின் தகப்பனார் சொன்னார்.

"பிறகு என்ன நடந்தது?"

"போயிட்டினம்."

"எங்கை?"

"அது தெரியாது. போயிட்டினம்." வானின் கதவைச் சாத்திவிட்டு எஞ்சினைப் போட்டார்.

அந்த ஒரு சொல்லை நான் இந்த ஊரில் நிறையக் கேட்டிருக்கிறேன். வியாபாரியின் குடும்பம் போய்விட்டது. கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் இரவோடிரவாக மேற்கே ஓடியவர்கள் போய்விட்டார்கள். பெர்லின் மதில் விழுந்த பிறகு வேலை தேடிப் பிள்ளைகள் போய்விட்டார்கள். எல்லாவற்றுக்கும் அதே சொல், அதே குரல்.

கொங்கிறீட் கோபுரம் அரசாங்கம் கட்டியது. கலவையை நிறுத்தாமல் ஊற்ற வேண்டும் என்பதால் இரவு பகலாக விளக்குப் போட்டு வேலை நடந்ததாம். ஊரில் ஒருவரும் சரியாக நித்திரை கொள்ளவில்லையாம். கட்டி முடிந்ததும் பாண்ட் வாத்தியம், கொடி, இறைச்சி வாட்டிய மணம். பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக உச்சிக்கு ஏற்றிக் காட்டினார்கள். அப்போது அங்கே நூற்றுக்கு மேல் ஆட்கள் வேலை செய்தார்களாம். ஸீலோவுக்குச் சொந்தமாகச் சாப்பாட்டு மண்டபம், பிள்ளைகள் காப்பகம், பாட்டுக்குழு எல்லாம் இருந்தன. நாடு ஒன்றானதும் மேற்கிலிருந்து ஒரு கம்பனி வந்து வாங்கியது. பெரும்பாலானவர்கள் வேலையிழந்து வீட்டுக்குப் போனார்கள். தகர உருளைகளை நிறுத்தினார்கள்; அவற்றுக்கு ஆள் தேவையில்லை, பொத்தானை அழுத்தினால் போதும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லாமாக ஒன்பது பேர். கடைசியில் நான்கு பேர்.

இவற்றில் பெரும்பகுதியை எனக்குச் சொன்னது தராசம்மா அல்ல. அவர் அருகிலேயே இருந்தார், எல்லாம் தெரிந்தவர், ஆனால் கேட்டால் "அது பழைய கதை" என்று முடித்துவிடுவார். ஒரே ஒரு தடவை தானாகச் சொன்னார்.

அது ஒரு கார்த்திகை மாதம். மூடுபனி. கோபுரத்தின் பாதிக்கு மேல் காணவில்லை. காலையிலிருந்து ஒரு லொறியும் வரவில்லை. இருவரும் கோப்பி குடித்துவிட்டுச் சும்மா இருந்தோம். அவர் யன்னல் வழியாகச் செங்கல் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ரை அம்மா அங்கைதான் முதல் படுத்தவ," என்றார்.

"எங்கை?"

"மேல் தட்டிலை. ரெண்டாம் உலகச் சண்டை முடியிற நேரம் கிழக்கிலை இருந்து நடந்து வந்தவை. கையாலை தள்ளுற வண்டில் ஒண்டு, அவ்வளவுதான். அம்மா அப்ப சின்னப் பெட்டை. ஊர்ச்சனம் வீடுகளுக்குள்ளை விடேல்லை. ஸீலோவைத் திறந்துவிட்டினம். ஒரு குளிர்காலம் முழுக்கத் தானியத்துக்குப் பக்கத்திலை படுத்தவை."

"தானியம் சூடாத்தானே இருக்கும்."

"அம்மாவும் அப்பிடித்தான் சொல்லுவா. எலிக்கும் அது தெரியுமாம்."

நான் சிரிப்பதா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நாங்கள் பள்ளிக்கூடத்திலை படுத்தனாங்கள்," என்றேன். "குண்டு போட்ட நேரம். வாங்குகளை அடுக்கி, ஒரு குடும்பத்துக்கு ஒரு மூலை."

"எவ்வளவு காலம்?"

"வடிவா ஞாபகமில்லை. ஒரு மாரி முழுக்க எண்டு நினைக்கிறன்."

அவர் தலையை ஆட்டினார். பிறகு, "அந்த ஊர்ச்சனம் உங்களை வீட்டுக்குள்ளை விட்டினமோ?" என்று கேட்டார்.

"சிலபேர் விட்டவை."

"அம்மாவை ஒருத்தரும் விடேல்லை. பிறகு அவ இந்த ஊரிலையே கலியாணம் கட்டினவ. சாகும்வரைக்கும் அவவை வந்தவ எண்டுதான் சொன்னவை."

வெளியே ஹோர்ன் அடித்தது. மூடுபனிக்குள்ளிருந்து ஒரு லொறியின் இரண்டு விளக்குகள் வந்தன. அவர் எழுந்து யன்னலைத் திறந்து, சாரதிக்குக் காலை வணக்கம் சொன்னார். அடுத்த நாள் வழமைபோல் "நீங்கள் ஈரம் பாத்திட்டீங்களோ?" என்று கேட்டார். அந்தக் கதையை நாங்கள் மறுபடி எடுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு அந்த அறையின் அமைதி அவ்வளவு கனமாக இருக்கவில்லை.

வருடங்கள் போகப் போக லொறிகள் குறைந்தன. பெரிய பண்ணைகள் சொந்தமாகவே சேமிப்புக் கட்டிக்கொண்டன. மற்றவை நேரே துறைமுகத்துக்கு ஏற்றி அனுப்பின. அங்கே கப்பலுக்குப் பக்கத்திலேயே நிறுத்துக் கொட்டிவிடலாம். எங்கள் பக்கத் தண்டவாளத்தை ஒரு கோடைகாலத்தில் வந்து கழற்றிக்கொண்டு போனார்கள். முன்பு அறுவடை நாட்களில் இழுவை வண்டிகளின் வரிசை தேவாலயம் வரைக்கும் நிற்கும். சாரதிகள் இறங்கி நின்று புகைப்பார்கள், பிள்ளைகள் கையில் எலுமிச்சைச் சர்பத்தோடு வரிசையில் ஓடித் திரிவார்கள். பிறகு வரிசை வாசல்வரை, பிறகு ஒன்றிரண்டு வண்டி, பிறகு நாங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூடப்போகிறார்கள் என்று மேலாளர் ஒருநாள் சொன்னார். எனக்குத் துறைமுகத்துச் சோதனைக்கூடத்தில் இடம் தருவதாகச் சொன்னார்கள். தராசம்மாவுக்கு ஓய்வூதிய வயது வந்திருந்தது.

கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. கடைசி லொறி எங்களிடமிருந்து மிச்சக் கோதுமையை ஏற்றிக்கொண்டு போனது. தராசம்மா அதை நிறுத்து அனுப்பிவிட்டு யன்னல் கண்ணாடியைத் துடைத்தார், கதிரையை மேசைக்குக் கீழே தள்ளினார். பிறகு தன் பையிலிருந்து ஒரு சிறிய போத்தல் வைனும் இரண்டு கிளாஸும் எடுத்தார். அவர் குடித்து நான் கண்டதில்லை. நான் குடிப்பதில்லை என்று அவருக்குத் தெரியும். எனக்கு அப்பிள் ஜூஸ் ஊற்றினார்.

"இனி நாங்கள் ஆளையாள் நீ எண்டு சொல்லுவம்," என்றார். "மூத்த ஆள்தான் முதல் கேக்க வேணும். இவ்வளவு நாளாக் கேக்கேல்லை."

தன் முதற்பெயரைச் சொல்லிக் கையை நீட்டினார், அன்றைக்குத்தான் சந்தித்ததுபோல. நானும் என் பெயரைச் சொன்னேன். அவருடையது பெயர்ப் பலகையில் தினமும் பார்த்த பெயர், வாயால் ஒருநாளும் சொல்லாத பெயர். என்னைவிட மூத்தவரை நீ என்று சொல்ல எனக்கு நாக்கு எழும்பவில்லை. "ஓம்," என்று மட்டும் சொன்னேன். இரண்டு கிழமையில் அவர் வீட்டை விற்றுவிட்டு, இரண்டு மணி நேரத் தூரத்தில் மகள் இருக்கும் நகரத்துக்குப் போனார். சாமான் லொறி போகும்போது நான் வேலையில் நின்றேன்.

அதற்குப் பிறகுதான் ஊரின் அமைதி என்னவென்று தெரிந்தது. முன்பு எவ்வளவு குறைவாகப் பேசினாலும் நாளுக்கு எட்டு மணி நேரம் ஒருவர் பக்கத்தில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் என்னோடு வேலை செய்பவர்கள் இளம் ஆட்கள், காதில் எதையாவது செருகிக்கொண்டிருப்பார்கள். நல்ல பிள்ளைகள், முதல் நாளே நீ என்றுவிட்டார்கள். வேலை முடிந்து ஒரு மணி நேரம் கார் ஓடி வீடு வந்தால், படிக்கட்டில் ஏறும் என் காலடிச் சத்தம் மட்டும். சில வாரங்களில் வெள்ளிக்கிழமை பின்னேரம் தொடங்கித் திங்கள் காலைவரை நான் குரல் எடுத்து ஒரு சொல் பேசியிருக்கமாட்டேன். திங்கள் காலை வணக்கம் சொல்லும்போது முதற்சொல் கரகரத்துத்தான் வரும். கொலோனில் இருக்கும் என் அக்கா போன் எடுத்து, "வெளிக்கிட்டு இஞ்சை வாவன். அங்கை என்ன இருக்கு?" என்று கேட்பாள். முன்பென்றால் ஊரிலேயே வேலை இருக்கிறது என்பேன். இப்போது அந்தப் பதிலும் இல்லை. "பாப்பம்" என்றேன்.

வெறுமையாக நின்ற கோபுரத்தை வெடிவைத்துத் தகர்ப்பதென்று முடிவாகியது. பங்குனியில் ஒரு சனிக்கிழமைக்கு நாள் குறித்தார்கள். என் வீடு விடுதிக் கட்டடத்துக்கு அடுத்த மாடிக் குடியிருப்பில், கோபுரத்துக்குக் கிட்ட. அந்தச் சுற்றுவட்டாரத்தில் இருந்த எல்லோரும் காலையில் வெளியேற வேண்டும். தீயணைப்புத் தொண்டர் ஒருவர் ஒவ்வொரு கதவாகத் தட்டி அறிவித்தார். "முக்கியமான பேப்பருகளை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கோ. பின்னேரம் திரும்பி வரலாம்," என்றார்.

கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்து கதிரையில் இருந்தேன். அவர் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் இதே வார்த்தைகளை நான் யாழ்ப்பாணத்திலும் கேட்டிருக்கிறேன். அன்றைக்குத் திரும்பி வர முடியவில்லை. பாஸ்போர்ட்டை எடுத்துப் பையில் வைத்தேன், வெளியே எடுத்தேன், திரும்ப வைத்தேன்.

ஊரே மடக்குக் கதிரைகளோடு வயலுக்குப் போனது. வாட்டின இறைச்சி விற்க ஒரு கூடாரம்கூடப் போட்டிருந்தார்கள். போய்விட்ட பிள்ளைகள் பலர் மேற்கிலிருந்து கார்களில் வந்திருந்தார்கள். நான் அவர்களைத் தாண்டிக் காரை ஓட்டிக்கொண்டு தராசம்மாவிடம் போனேன். வருகிறேன் என்று முதல் நாள்தான் சொல்லியிருந்தேன்.

அவர் இருந்தது ஒரு புதிய கட்டடத்தின் நான்காம் மாடியில். எல்லாம் வெள்ளைச் சுவர். இன்னும் மெலிந்திருந்தார். மேசையில் கேக் இருந்தது. மகள் வேலைக்குப் போயிருந்தாள்.

"நீங்கள் பாக்க நிக்கேல்லையோ?" என்றார். உடனே, "நீ" என்று திருத்தினார்.

"எனக்குப் பாக்க ஏலாது."

"எனக்கும்தான். மகள் கூட்டிக்கொண்டு போறன் எண்டவள். வேண்டாம் எண்டிட்டன்."

கேக் சாப்பிட்டோம். அவருடைய முழங்கால் வலியைப் பற்றி, மாடிக்கு ஏறும் மின்தூக்கி அடிக்கடி பழுதாவதைப் பற்றி, துறைமுகத்தில் வாங்கியிருக்கும் புதுச் சோதனைக் கருவியைப் பற்றிக் கதைத்தோம். குறித்த நேரம் நெருங்க இருவரும் பேச்சை விட்டுவிட்டோம். சுவர் மணிக்கூட்டின் முள் தாண்டிப் போனது. இங்கே ஒன்றும் கேட்கப் போவதில்லை என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் செவி கொடுத்துக்கொண்டுதான் இருந்தோம். கீழே தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள்.

"இப்ப முடிஞ்சிருக்கும்," என்றார் தராசம்மா. எழுந்து போய்க் கோப்பி கொண்டுவந்து ஊற்றினார். "என்னை உச்சிக்கு ஏத்திக் காட்டினவை. நான் அப்ப பெரிய வகுப்பு. அம்மாட வீட்டுக் கூரையைத் தேடினனான். கண்டுபிடிக்கேலாமப் போச்சு. எல்லாக் கூரையும் ஒரே மாதிரி."

புறப்படும்போது வாசல்வரை வந்தார். "திரும்பி வா," என்றார்.

"வாறன்," என்றேன். அன்றைக்கு நான் அதை தள்ளிப் போடுவதற்காகச் சொல்லவில்லை.

திரும்பி வரும் வழியில் போன் அடித்தது. காரை ஓரமாக நிறுத்திவிட்டு எடுத்தேன். முன்னாள் கணவர். சித்திரைக்கு இன்னும் நாள் இருந்தது.

"உங்கட கோபுரம் விழுறதை டிவியிலை காட்டினவை," என்றார். "நீர் எங்கை நிண்டனீர்?"

"நான் அங்கை நிக்கேல்லை."

"ஓ." அவருக்குப் பின்னால் சமையலறைச் சத்தம் கேட்டது. "முதல் ஆள் முழங்காலிலை நிக்கிற மாதிரி இறங்கி, பிறகு பக்கப்பாடாச் சரிஞ்சுது. பிள்ளையளைக் கூப்பிட்டுக் காட்டினன். அப்பா இதுக்குள்ளை கயித்திலை தொங்கினவர் எண்டு சொன்னன். அவளவை நம்பேல்லை."

"உண்மையெண்டு நான் சொன்னதாச் சொல்லுங்கோ."

அவர் சிரித்தார்.

"சாப்பிட்டீரோ?" என்று கேட்டார்.

"ஓம். கேக் சாப்பிட்டன்."

"சரி. அடுப்பிலை வேலை கிடக்கு, வைக்கிறன்."

போனை மடியில் வைத்தேன். வயலில் கோதுமை ஒரு விரல் உயரத்துக்குப் பச்சையாக முளைத்திருந்தது. பிறகு காரை எடுத்தேன். ஊருக்குத் திரும்பும் சந்தியை விட்டுவிட்டேன். வெகு தூரம் போன பிறகுதான் தெரிந்தது. இவ்வளவு காலமும் நான் வழிகாட்டிப் பலகையைப் பார்த்ததே இல்லை, கோபுரத்தைப் பார்த்துத்தான் திரும்பியிருக்கிறேன்.

குடியிருப்பில் எல்லாம் மாவு தூவினதுபோல் தூசு. யன்னல் விளிம்பு, படிக்கட்டு, கைபிடி. என் கீழ் வீட்டுக்காரர் படியைக் கூட்டிக்கொண்டிருந்தார். வணக்கத்துக்கு மேல் நாங்கள் அதிகம் கதைத்ததில்லை. நானும் போய் என் வீட்டுத் தும்புத்தடியை எடுத்துவந்து மேல் படியிலிருந்து கூட்டத் தொடங்கினேன். இருவரும் நடுப்படியில் சந்தித்தோம்.

"இனி எங்களுக்குப் பின்னேர வெயில் வரும்," என்றார் அவர், இருமிக்கொண்டே.

நான் அதை யோசித்திருக்கவில்லை. மேலே போய்க் கதவைத் திறந்தால் சமையலறை முழுக்க மஞ்சள் வெளிச்சம். அடுப்பில் பழைய எண்ணெய்க் கறை, மேசையில் கத்தி கீறின தடங்கள், சுவரில் நான் கவனிக்காத வெடிப்பு, எல்லாம் தெரிந்தது. யன்னலுக்கு அப்பால் ஒன்றும் இல்லை. வயலும், வெகு தூரத்தில் வேறொரு ஊரின் தேவாலயக் கூர்முனையும். அந்த ஊர் அங்கே இருப்பது எனக்குத் தெரியும், என் வீட்டிலிருந்து தெரியும் என்பதுதான் தெரியாது. கையைக் கண்ணுக்கு மேலே வைத்துக்கொண்டு தேநீர் குடித்தேன்.

இப்போது செங்கல் கட்டடத்தைப் பெர்லினிலிருந்து யாரோ வாங்கி, வீடுகளாக மாற்றப் போகிறேன் என்று பாதிக் கூரையைப் போட்டுவிட்டுக் காணாமல் போய்விட்டார். தகர உருளைகளை ஒரு பெரிய பண்ணைக்காரர் எடுத்துக்கொண்டார். கோபுரம் இருந்த இடத்தைச் சமப்படுத்திப் புல் போட்டிருக்கிறார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை தராசம்மாவிடம் போகிறேன். அவரை நான் இன்னும் நீங்கள் என்கிறேன், அவர் என்னை நீ என்கிறார். அது எங்கள் இருவருக்கும் பழகிவிட்டது. அக்கா கேட்டால் இன்னும் "பாப்பம்" என்றுதான் சொல்கிறேன்.

அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த வாரம் நகரத்துக்குப் போய்ச் சமையலறைக்கு ஒரு திரைச்சீலை வாங்கினேன். கடைக்காரப் பெண் யன்னலின் அகலம் கேட்டாள். அளந்து வரவில்லை. இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.